கைபர் சாசனமும் ஸியோன் நெறிமுறைகளும்

ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பக்தாத் நகரில் நடந்த ஒரு நிகழ்ச்சியை ஹதீஸ் கலை பயில்வோர் அறிவர். அப்பாஸியக் கலீஃபா அல்காயிமின் அமைச்சராக அப்போது இருந்தவர் அபுல் காஸிம் இப்னுல் முஸ்லிமா. ‘ரயீஸுர் ருஅஸா’ என்ற பட்டம் பெற்றவர். யூதர்கள் சிலர் அவரிடம் ஒரு பழைய சாசனத்தைக் கொண்டுவந்தனர். கைபர்வாசிகளான யூதர்களுக்கு ஜிஸ்யா வரியிலிருந்து விலக்களித்து நபி (ஸல்) அவர்கள் வழங்கிய சாசனம் அது என்றனர். அலீ (ரலி) அவர்களின் கையெழுத்து என்றும் கூறினர். நபித்தோழர்கள் சிலரின் சாட்சியமும் அதில் பதிவாகியிருந்தது.

அமைச்சர் அதனை அந்நகரின் பெரும் ஹதீஸ் அறிஞரான கதீபுல் பக்தாதீ (ஹி. 392–463) அவர்களிடம் காட்டினார். அவர் நோக்கினார், இது போலி என்றார். எப்படித் தெரியும் என்று அமைச்சர் வினவ, அவர் இரண்டு பெயர்களைச் சுட்டினார். ஒருவர் முஆவியா (ரலி). அவர் இஸ்லாத்தில் இணைந்தது மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரி 8இல். கைபர் வெற்றி கொள்ளப்பட்டதோ ஹிஜ்ரி 7இல். மற்றவர் ஸஅத் இப்னு முஆத் (ரலி). அவர் பனூ குறைளா நிகழ்வையொட்டி, ஹிஜ்ரி 5இலேயே மறைந்தவர். ஒருவர் இன்னும் வந்து சேரவில்லை, மற்றவர் உயிருடன் இல்லை. இவ்விருவரும் எப்படிச் சாட்சி சொன்னார்கள்? சாசனம் அத்துடன் தள்ளுபடியானது. பின்னாளில் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் அல்மனாருல் முனீஃப் என்னும் நூலில் இதன் பொய்மையை மேலும் பல காரணங்களால் விளக்கினார். கைபர் வெற்றியின்போது ஜிஸ்யா பற்றிய கட்டளையே இறங்கியிருக்கவில்லை என்பது அவற்றுள் ஒன்று.

இந்நிகழ்ச்சியில் நம்மைக் கவர்வது கதீப் அவர்களின் நினைவாற்றல் மட்டுமன்று. கொண்டுவந்தவர்கள் யூதர்கள், ஆகவே பொய் என்று அவர் சொல்லவில்லை. முஸ்லிம்களின் கருவூலத்திற்கு இழப்பு வரும், ஆகவே பொய் என்றும் சொல்லவில்லை. ஆண்டுகளைக் கேட்டார், பெயர்களைக் கேட்டார். அவர் கையில் இருந்த தராசு யார் முகத்தையும் பார்க்காத தராசு.

இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்களின் நுக்பதுல் ஃபிக்ர் பாடம் நடத்தும்போது, இட்டுக்கட்டப்பட்ட செய்திகள் பற்றிய பகுதி வந்ததும் இந்நிகழ்ச்சியைச் சொல்வது நமது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு நாள் வகுப்பு முடிந்தபின் மாணவர் ஒருவர் நம் அறைக்கு வந்தார். அவர் கையில் ஒரு தமிழ்ச் சிறுநூல். உலகை அடிமைகொள்ள யூதத் தலைவர்கள் இரகசியமாகத் தீட்டிய திட்டம் என்ற அறிமுகத்துடன் வெளியானது அது. “ஹஜ்ரத், இதன் இஸ்னாத் என்ன?” என்று கேட்டார்.

நம்மிடம் விடை இல்லை. அதைவிட நாணத்தக்கது வேறொன்று. 1990களின் தொடக்கத்தில், நமது இளமைக் காலத்தில், அதே நூலிலிருந்து நீண்ட மேற்கோள்களை நாம் மேடையேறி ஓதியிருக்கிறோம். கேட்டவர்கள் தக்பீர் முழங்கினார்கள். நபிமொழி ஒன்றைச் சொன்னால் எந்த நூல், என்ன தரம் என்று கேட்கும் பெரியவர்கள் அக்கூட்டத்தில் இருந்தனர். அன்று அவர்களும் கேட்கவில்லை; நாமும் கேட்டுக்கொள்ளவில்லை. அம்மாணவரின் கேள்விக்கு விடை தேடியதில் கிடைத்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

அரபியில் ‘புரோட்டோகோலாத் ஹுகமாஇ ஸஹ்யூன்’ என்று வழங்கும் அந்நூலைத் தமிழில் ‘ஸியோன் மூப்பர்களின் நெறிமுறைகள்’ எனலாம். மூப்பர்கள் என்பது அரபியில் ஹுகமா, அதாவது ஞானிகள் என்றாகிவிட்டது. மொழிபெயர்ப்பு தந்த பதவி உயர்வு அது. நூலில் 24 அத்தியாயங்கள். பெயர் கூறப்படாத ஒரு யூதத் தலைவர் தம் கூட்டத்தாரிடம் பேசுவதாக அது அமைந்துள்ளது. பத்திரிகைகளைக் கைப்பற்றுவோம், பொன்னைக் குவிப்போம், நாடுகளை ஒன்றோடொன்று மோதவிடுவோம், சமயங்களைக் குலைப்போம், இறுதியில் எங்கள் அரசன் உலகை ஆள்வான் என்பது அதன் சாரம்.

முதலில் அறிவிப்பாளர் தொடர். இது முதன்முதலாக அச்சேறியது 1903ஆம் ஆண்டு, ரஷ்யப் பேரரசின் தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வெளிவந்த ஸ்னாம்யா என்னும் நாளிதழில். அதன் ஆசிரியர் பாவெல் குருஷெவான். அதே ஆண்டு ஏப்ரலில் கிஷினேவ் நகரில் யூதர்கள் மீது நடந்த வெறியாட்டத்தில் 49 பேர் கொல்லப்பட்டனர். அதற்கு முன்னதாக அந்நகரில் யூதர்களுக்கு எதிரான வதந்திகளை இடைவிடாது அச்சிட்டுவந்தது இவர் நடத்திய மற்றோர் இதழ். ஹதீஸ் கலையில் இத்தகையவரை எந்த வகுப்பில் வைப்போம் என்பதை வாசகர் அறிவர். 1905இல் செர்கேய் நிலுஸ் என்னும் ரஷ்யச் சமய எழுத்தாளர் தமது நூலொன்றின் மறுபதிப்பில் இதனைச் சேர்த்தார். உலகெங்கும் பரவியது அவர் தந்த வடிவமே.

நிலுஸ் தரும் தொடரைப் பாருங்கள். 1905இல் அவர் கூறியது: பிரான்சில் ஃப்ரீமேசன் இயக்கத்தின் செல்வாக்குமிக்க தலைவர் ஒருவரிடமிருந்து ஒரு பெண் திருடியது. யார் அந்தப் பெண்? பெயரில்லை. யார் அந்தத் தலைவர்? அதுவும் இல்லை. 1917ஆம் ஆண்டுப் பதிப்பில் அவரே சொன்னது வேறு: 1897இல் சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரில் கூடிய முதல் ஸியோனிஸ மாநாட்டில் தியோடர் ஹெர்ஸல் முன்வைத்த திட்டம் இது. அறிவிப்பாளர் ஒருவரே, செய்தி ஒன்றே, தோற்றுவாயோ பதிப்புக்குப் பதிப்பு வேறு. நம் அறிஞர்கள் இதனை ‘இழ்திராப்’, அதாவது தடுமாற்றம் என்பார்கள். அறியப்படாதவரிடமிருந்து பெறுவதை ‘ஜஹாலத்’ என்பார்கள். இவற்றுள் ஒன்றே ஒரு செய்தியைத் தள்ளப் போதுமானது.

பாஸல் மாநாடோ 1897 ஆகஸ்ட் 29 முதல் 31 வரை சுமார் 200 பேர் பங்கேற்று வெளிப்படையாக நடந்த ஒன்று. செய்தியாளர்கள் அமர்ந்திருந்தனர். அதன் நடவடிக்கைக் குறிப்புகள் ஜெர்மன் மொழியில் அச்சாகி வெளிவந்தன. பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு தாயகம் என்ற தீர்மானம் அங்குதான் நிறைவேறியது. அதன் விளைவை இன்றளவும் பாலஸ்தீன மக்கள் சுமக்கிறார்கள். அத்தீர்மானம் திறந்த அரங்கில் எடுக்கப்பட்டது என்பதை நினைவில் வைத்திருப்போம். பின்னர் அதற்குத் திரும்பி வருவோம்.

இனி மத்ன், அதாவது செய்தியின் உள்ளடக்கம். முதல் உலகப் போருக்கும் ரஷ்யப் புரட்சிக்கும் பின் நாட்டைவிட்டு ஓடிய ஜார் ஆதரவாளர்கள் இந்நூலைத் தங்களுடன் சுமந்து சென்றனர். 1920இல் ஜெர்மன், ஆங்கில மொழிபெயர்ப்புகள் வந்தன. லண்டனின் புகழ்பெற்ற தி டைம்ஸ் நாளிதழே 1920 மே 8 அன்று, இது உண்மையாயிருக்குமோ, விசாரிக்க வேண்டாமா என்று கவலையோடு எழுதியது. அடுத்த ஆண்டு விடையும் அதே நாளிதழில் வந்தது. விடை கிடைத்த இடம் நம் வரலாற்றோடு தொடர்புடைய ஊர்: இஸ்தான்புல்.

அங்கு தி டைம்ஸ் நாளிதழின் செய்தியாளராக இருந்தவர் ஃபிலிப் கிரேவ்ஸ். ரஷ்யாவிலிருந்து அகதியாக வந்திருந்த ஒருவர் அவரிடம் தலைப்புப் பக்கம் இல்லாத பழைய பிரெஞ்சு நூலொன்றைத் தந்தார். இதையும் நெறிமுறைகளையும் அருகருகே வைத்துப் படியுங்கள் என்றார். கிரேவ்ஸ் படித்தார், திகைத்தார். பத்தி பத்தியாக ஒன்றே மற்றொன்றில் இருந்தது. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தின் நூலகத்தில் தேடியபோது முழுப் பிரதியும் நூலின் பெயரும் கிடைத்தன. மோரிஸ் ஜோலி என்னும் பாரிஸ் வழக்கறிஞர் 1864இல் பெயர் குறிப்பிடாமல் பிரஸ்ஸல்ஸில் அச்சிட்ட நூல் அது. மாக்கியவெல்லியும் மோன்டெஸ்கியுவும் நரகத்தில் சந்தித்து உரையாடுவதாக எழுதப்பட்டது. பிரான்சின் மூன்றாம் நெப்போலியன் எவ்வாறு தேர்தலையும் பத்திரிகைகளையும் நீதிமன்றங்களையும் ஏய்த்து எதேச்சாதிகாரம் நடத்துகிறார் என்பதை மாக்கியவெல்லியின் வாயால் சொல்லவைத்து நையாண்டி செய்த நூல். அதற்காக ஜோலி 15 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அந்நூலில் யூதர்களைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது.

நெறிமுறைகளைப் புனைந்தவர் செய்தது எளிய வேலை. மாக்கியவெல்லியின் பேச்சை எடுத்து யூத மூப்பரின் வாயில் வைத்தார். கிரேவ்ஸ் 1921 ஆகஸ்ட் 16, 17, 18 ஆகிய நாட்களில் இரு நூல்களின் பகுதிகளையும் எதிரெதிரே அச்சிட்டுக் காட்டினார். பின்னர் 1967இல் நார்மன் கோன் என்னும் வரலாற்றாசிரியர் இதனை விரிவாக ஆராய்ந்தார். ஜோலியிடமிருந்து எடுக்கப்பட்டவை 160 இடங்களுக்கு மேல் என்றும், நூலின் ஐந்தில் இரண்டு பங்கு அவரிடமிருந்து வந்ததே என்றும் கணக்கிட்டார். ஏழாம் அத்தியாயம் ஏறத்தாழ முழுவதுமே ஜோலியுடையது.

நம்மவர் கவனிக்கத்தக்க சிறு சான்று ஒன்றைச் சொல்ல வேண்டும். பத்திரிகைகளைக் கைக்குள் வைத்திருப்பது பற்றிய பகுதியில் அந்த யூத மூப்பர் தம் பத்திரிகைகளை, நூறு கைகளையுடைய இந்தியத் தெய்வமாகிய விஷ்ணுவுக்கு ஒப்பிடுகிறார்! உருவ வழிபாட்டை அறவே வெறுக்கும் ஒரு சமயத்தின் மூப்பர்கள், தங்கள் அந்தரங்கக் கூட்டத்தில் தங்கள் வலிமையைச் சொல்ல விஷ்ணுவை ஏன் தேடிப் போகிறார்கள்? விடை ஜோலியின் நூலில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்தாளர் ஒருவருக்குக் கீழைநாட்டு உவமை சுவையாகத் தோன்றியது. திருடியவர் உவமையையும் சேர்த்தே எடுத்துச் சென்றுவிட்டார். முஆவியா (ரலி) அவர்களின் பெயர் கைபர் சாசனத்தைக் காட்டிக்கொடுத்தது போல, விஷ்ணுவின் பெயர் இந்தச் சாசனத்தைக் காட்டிக்கொடுக்கிறது. நாம் மேடையில் ஓதிய பகுதிகளுள் இதுவும் இருந்தது. அன்று அந்த உவமை நமக்கு உறுத்தவில்லை.

மற்றொரு மூலம் நாவல். ஹெர்மன் கோட்ஷே என்னும் ஜெர்மானியர் ஜான் ரெட்கிளிஃப் என்ற புனைபெயரில் 1868இல் எழுதத் தொடங்கிய பியாரிட்ஸ் என்னும் கதையில், பிராக் நகரின் யூத இடுகாட்டில் நள்ளிரவில் பன்னிரு கோத்திரங்களின் பிரதிநிதிகள் கூடிச் சதி பேசும் காட்சி ஒன்று உண்டு. கற்பனை என்று எழுதப்பட்ட அக்காட்சி சில ஆண்டுகளிலேயே ரஷ்யாவில் தனிப் பிரசுரமாகி, பின்னர் உண்மை உரையாகவே உலவியது. நெறிமுறைகளுக்கு வழி செப்பனிட்டது அது.

புனைந்தவர் யார் என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்த கருத்தினர் அல்லர். பாரிஸில் இயங்கிய ஜாரின் இரகசியக் காவல் துறையினர் என்பது நெடுங்காலக் கருத்து. 1902–1903இல் ரஷ்யாவிலேயே தொகுக்கப்பட்டது என்பது மொழிநடையை ஆராய்ந்தோர் பின்னர் முன்வைத்த கருத்து. எதுவாயினும் நூல் போலி என்பதில் இருசாராருக்கும் வேறுபாடு இல்லை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர நீதிமன்றமும் அந்நாட்டு யூதர்கள் தொடுத்த வழக்கில் சாட்சிகளையும் வல்லுநர்களையும் விசாரித்து 1935 மே 14 அன்று அவ்வாறே தீர்ப்பளித்தது. 1937இல் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு ரத்தானது என்பதைச் சிலர் பெரிதாகக் காட்டுவர். ரத்தானதற்குக் காரணம், பிரதிவாதிகள் மீது ஏவப்பட்ட சட்டப்பிரிவு இத்தகைய வெளியீட்டுக்குப் பொருந்தாது என்பதே. நூல் உண்மையானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறவில்லை.

போலி என்று தெரிந்தபின்னும் அது நிற்கவில்லை. அமெரிக்காவில் கார் உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்டு 1920 முதல் தமது இதழில் இதனை அடிப்படையாகக் கொண்டு தொடர் கட்டுரைகளை வெளியிட்டு, 1927இல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். ஜெர்மனியில் விளைவு கொடியது. 1922 ஜூன் 24 அன்று அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் வால்டர் ராதெனவ் பெர்லின் தெருவில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் ஸியோன் மூப்பர்களுள் ஒருவர் என்று நம்பியதாகக் கொலையில் பங்கேற்றவன் நீதிமன்றத்தில் கூறினான். ஹிட்லர் தம் நூலில் இதனைச் சான்றாக்கினார். அவரது ஆட்சி அறுபது இலட்சம் யூதர்களைக் கொன்றொழித்தது. ஒரு பொய்நூலே அத்தனைக்கும் காரணம் என்று யாரும் சொல்லார். ஆயினும் அண்டைவீட்டானைக் கொல்வது தற்காப்பே என்று சாதாரண மனிதன் தன்னைத் தேற்றிக்கொள்ள, இத்தகைய நூல் தேவைப்பட்டது.

இந்நூல் நம் கைக்கு எவ்வழியாக வந்தது? இங்குதான் நாம் வெட்கப்பட வேண்டியவர்களாகிறோம். இதனைப் பெற்றெடுத்தது இஸ்லாமிய உலகம் அன்று. ரஷ்யக் கிறித்தவச் சூழலில் பிறந்து, ஐரோப்பாவில் வளர்ந்து, 1920களில் அரபுக் கிறித்தவர்கள் சிலரின் மொழிபெயர்ப்பால் அரபிக்கு வந்தது. முஹம்மத் கலீஃபா அத்தூனிஸீ என்னும் எகிப்தியர் 1951இல் கெய்ரோவில் வெளியிட்ட மொழிபெயர்ப்பே நம் மதரஸா நூலகங்களை எட்டியது. அப்பாஸ் மஹ்மூத் அல்அக்காத் போன்ற பேரறிஞரின் முன்னுரை அதற்கு மதிப்பைக் கூட்டியது. 1948இல் பாலஸ்தீனம் பறிபோன வேதனை ஆறாதிருந்த காலம் அது. இத்தனை பெரிய தோல்வி எப்படி நேர்ந்தது என்ற கேள்விக்கு எளிய விடை தேடிய மனங்களுக்கு இந்நூல் மருந்தாகத் தோன்றியது. அவ்வேதனையை நாம் குறைத்துக் கூறவில்லை. வேதனை சான்றாகிவிடாது என்பதையே கூறுகிறோம்.

1988இல் ஹமாஸ் வெளியிட்ட சாசனத்தின் 32ஆம் பிரிவிலும் இந்நூல் மேற்கோளாக இடம்பெற்றது. 2017இல் அவ்வியக்கம் வெளியிட்ட கொள்கை ஆவணத்தில் அது இல்லை. தங்கள் மோதல் ஸியோனிஸத் திட்டத்தோடுதானே தவிர யூதர்களோடு அவர்களின் சமயத்தின் பொருட்டு அன்று என்று அதில் காணப்படுகிறது. 2002 ரமளானில் எகிப்தியத் தொலைக்காட்சியில் இந்நூலை மையமாக வைத்து ஒரு நெடுந்தொடர் ஒளிபரப்பானது. அதையொட்டி எகிப்திய அதிபரின் ஆலோசகராயிருந்த உஸாமா அல்பாஸ், நெறிமுறைகள் போலியே என்று அல்அஹ்ராமில் விளக்கி எழுதினார்.

அரபுலகில் இதனை எல்லோரினும் ஆழமாக மறுத்தவர் எகிப்தியப் பேராசிரியர் அப்துல் வஹ்ஹாப் அல்மஸீரி (ரஹ்). யூதர்கள், யூத சமயம், ஸியோனிஸம் பற்றி எட்டுத் தொகுதிகளில் 1999இல் கலைக்களஞ்சியம் வெளியிட்டவர். வாழ்நாளெல்லாம் ஸியோனிஸத்தை எதிர்த்தவர். 2008இல் மறைந்தார். அவரை இஸ்ரேலின் நண்பர் என்று யாரும் சொல்ல முடியாது. நெறிமுறைகள் பற்றித் தனிநூலே எழுதி, அது போலி என்று நிறுவினார். அவர் வாதத்தின் மையம் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. உலகின் போர்கள், புரட்சிகள், நாணயம், நாளிதழ் அனைத்தையும் யூதர்களே ஆட்டுவிக்கிறார்கள் என்று நம்புவோர், அவர்களுக்கு மனித ஆற்றலுக்கு மிஞ்சிய வல்லமையை வழங்கிவிடுகிறார்கள். எதிரியைத் தெய்வமாக்கியபின் எதிர்ப்பதற்கு என்ன இருக்கிறது? மிஞ்சுவது கையறுநிலை மட்டுமே. தவ்ஹீதை நம்பும் சமுதாயம் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும் என்பது நமது கருத்து.

இவற்றையெல்லாம் ஒரு கூட்டத்தில் நாம் எடுத்துரைத்தபோது முதியவர் ஒருவர் எழுந்தார். “போலியாகவே இருக்கட்டும் ஹஜ்ரத். அதில் சொன்னபடிதானே உலகத்தில் நடக்கிறது?” என்றார். புதிய வாதம் அன்று அது. 1921இல் ஹென்றி ஃபோர்டு சொன்னது அதுவே. ஹிட்லர் எழுதியதும் ஏறத்தாழ அதுவே. ஜோலி வரைந்து காட்டியது எந்த எதேச்சாதிகாரியும் செய்யக்கூடியதை. ஆகவே எக்காலத்திலும் எங்கோ நடப்பது போலவே அது தோன்றும். முதியவருக்கு நாம் நூஹ் இப்னு அபீ மர்யமின் கதையைச் சொன்னோம். மர்வு நகரத்து அறிஞரான அவர், குர்ஆனின் ஒவ்வோர் அத்தியாயத்தின் சிறப்புக்கும் ஒரு நபிமொழியைப் புனைந்தவர். மக்கள் குர்ஆனை விட்டுவிட்டு, அபூஹனீஃபாவின் ஃபிக்ஹிலும் இப்னு இஸ்ஹாக்கின் போர் வரலாறுகளிலும் மூழ்கிவிட்டதால் அப்படிச் செய்ததாகக் காரணம் கூறினார். நோக்கம் குர்ஆனின் பால் மக்களைத் திருப்புவது. அதைவிட நல்ல நோக்கம் எது? ஆயினும் ஹதீஸ் அறிஞர்கள் அவரைப் பொய்யர் பட்டியலில்தான் வைத்தார்கள். முதியவர் அமர்ந்தார், ஒப்புக்கொண்டார் என்று சொல்வதற்கில்லை.

இப்னு கல்தூனையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம். 1377இல் நிறைவுற்ற முகத்திமாவில், வரலாற்றாசிரியர்கள் செய்தியை உரைத்துப் பாராமல் ஏற்பதற்கு அவர் எடுத்துக்காட்டும் முதற்பிழைகளுள் ஒன்று இஸ்ரவேலர் பற்றியதே. பாலைவனத்தில் மூஸா (அலை) அவர்களுடன் இருந்த படையினர் ஆறு இலட்சம் என்று அல்மஸ்ஊதீ முதலியோர் எழுதியதை அவர் ஏற்கவில்லை. அத்தனை பெரும்படை எந்தக் களத்தில் நிற்கும், அணியின் ஒரு முனை மறுமுனையை எப்படி அறியும், நான்கே தலைமுறையில் அத்தனை பெருக்கம் எங்ஙனம் என்று கேட்டார். யூதர்களின் தொகையையும் வலிமையையும் ஊதிப் பெருக்கும் பழக்கம் பழையது போலும்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலின்போது 4000 யூதர்கள் அன்று வேலைக்கு வரவில்லை என்ற செய்தியையும் இக்கேள்விகளால் உரைத்துப் பார்க்கலாம். தாக்குதல் நடந்த பகுதிகளில் இருந்திருக்கக்கூடிய இஸ்ரேலியர் 4000 பேரின் பெயர்களை அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம் திரட்டியுள்ளது என்பதே முதற்செய்தி. கவலையோடு விசாரிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை, ஒரே வாரத்தில் முன்னறிந்து தப்பியவர்களின் எண்ணிக்கையாகிவிட்டது. செப்டம்பர் 17 அன்று லெபனான் தொலைக்காட்சி ஒன்று அதை ஒலிபரப்ப, உலகம் சுற்றியது. அன்று மாண்டோரில் யூதர்களும் நூற்றுக்கணக்கில் இருந்தனர். நம் ஊர்த் துண்டுப்பிரசுரங்களில் அந்த 4000ஐ அச்சிட்டவர்கள் ஒருவரும் திருத்தம் வெளியிட்டதாக நாம் காணவில்லை.

யூத வெறுப்பு என்பதை அரபிகள் மீது சாற்ற முடியாது, அரபிகளும் ஸெமிட்டிய இனத்தவரே என்ற சொல்வாதம் நம்மிடையே உண்டு. ‘ஸெமிட்டிய எதிர்ப்பு’ என்பது 1879ஐ ஒட்டி ஜெர்மனியில் வில்ஹெல்ம் மார் போன்றோர் பரப்பிய சொல். யூதர்களை மட்டுமே அது குறித்தது. சொல்லிலக்கணத்தால் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது.

நம் முன்னோர் நழுவாத ஒரு தருணம் உண்டு. 1840 பிப்ரவரியில் டமாஸ்கஸ் நகரில் தோமா என்னும் கத்தோலிக்கத் துறவியும் அவரது பணியாளரும் காணாமற்போயினர். யூதர்கள் பண்டிகை ரொட்டிக்காகக் கொன்று இரத்தம் எடுத்தனர் என்று துறவிகளும் பிரெஞ்சுத் தூதரும் பழி சுமத்தினர். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக உலவிய பழி அது. முஹம்மத் அலீ பாஷாவின் ஆளுநர் அதை நம்பி யூதர்களைப் பிடித்துச் சித்திரவதை செய்தார். சிலர் அதிலேயே இறந்தனர். செய்தவர் முஸ்லிம் ஆளுநர் என்பதை நாம் மறைக்கக் கூடாது. அவ்வாண்டு நவம்பரில் உஸ்மானிய சுல்தான் அப்துல் மஜீத் ஓர் ஆணை பிறப்பித்தார். யூதர்களின் சமய நூல்களை அறிந்தோரைக் கொண்டு ஆராய்ந்ததில், மனித இரத்தம் ஒருபுறமிருக்க, விலங்கின் இரத்தத்தைக்கூட உட்கொள்ள அவர்களுக்குத் தடை இருப்பது தெளிவாகிறது, இப்பழி வெறும் அவதூறு என்று அவ்வாணை அறிவித்தது. மூலநூலைத் திறந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லிய செயல் அது. ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனம் செய்தியைத் தீர விசாரிக்கப் பணிக்கும் காரணமும் இதுவன்றோ: அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரும்.

இதையெல்லாம் எழுதுவது பாலஸ்தீனர் பக்கத்திலிருந்து விலகுவதாகாதா என்று கேட்போருக்கு, முன்பு குறிப்பிட்ட பாஸல் தீர்மானத்தை நினைவூட்டுகிறோம். 1917 நவம்பர் 2 நாளிட்ட பால்ஃபர் கடிதம் இருக்கிறது, கையெழுத்தோடு இருக்கிறது. 1948இல் ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வீடிழந்த வரலாறு பிரிட்டிஷ், இஸ்ரேலிய ஆவணக்காப்பகங்களிலேயே இருக்கிறது. அழிந்தும் ஆளொழிந்தும் போன 418 கிராமங்களை ஊர் ஊராக, சான்றுகளோடு 1992இல் வலீத் காலிதி நூலாக்கியிருக்கிறார். 2023 டிசம்பரில் தென்னாப்பிரிக்கா காஸா தொடர்பாகச் சர்வதேச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த 84 பக்க மனு, இஸ்ரேலிய அமைச்சர்களும் அதிகாரிகளும் வெளிப்படையாகப் பேசியவற்றை நாளோடும் பெயரோடும் அடுக்கியது. 2024 ஜனவரி 26 அன்று அந்நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்ததற்கு அத்தகைய சான்றுகளே துணை நின்றன. இவ்வளவு ஸஹீஹான சான்றுகள் கையிலிருக்க, ஒரு மவ்ளூஉவை ஏன் ஏந்தி நிற்க வேண்டும்? அதைக் காட்டும்போதெல்லாம், இவர்கள் சொல்வது அனைத்துமே புனைவு என்று எதிர்த்தரப்பு கைகாட்ட நாமே வழிசெய்து கொடுக்கிறோம்.

நம் நாட்டில் நமக்கே நேர்ந்ததை மறந்துவிடவும் கூடாது. 2020இல் கொரோனா பரவிய தொடக்க நாட்களில், தப்லீக் ஜமாஅத்தினர் திட்டமிட்டே நோயைப் பரப்புகிறார்கள் என்ற கட்டுக்கதை நாடெங்கும் பரவியது. தெருவில் காய்கறி விற்ற முஸ்லிம் வியாபாரிகள் விரட்டப்பட்டார்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, 29 வெளிநாட்டவர் மீதான வழக்குகளை ரத்துசெய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதைக் குறிப்பிட்டது. ஒரு சிறு கூட்டம், ஓர் இரகசியத் திட்டம், நாடு முழுவதையும் அழிக்கும் நோக்கம் என்ற அந்தக் கதையின் எலும்புக்கூடு எங்கிருந்து வந்தது என்பதை நெறிமுறைகளைப் படித்தவர் உடனே அடையாளம் காண்பர்.

அம்மாணவர் இப்போது வேறோர் ஊரில் இமாமாகப் பணியாற்றுகிறார். அவர் விட்டுச்சென்ற சிறுநூல் நம் அறையில், இப்னுல் ஜவ்ஸீயின் கிதாபுல் மவ்ளூஆத் இருக்கும் தட்டில் இருக்கிறது. அதை வெளியிட்டவர்களுக்கு, ஜோலியின் நூலிலிருந்து மூன்று இடங்களையும் அவற்றுக்கு நேரான தமிழ்ப் பகுதிகளையும் எழுதி ஒரு கடிதம் அனுப்பினோம். அடுத்த பதிப்பு மாற்றமேதுமின்றி வந்தது. இரண்டாம் கடிதத்தில் விஷ்ணுவின் பகுதியை மட்டும் பக்க எண்ணுடன் குறித்து அனுப்பியிருக்கிறோம்.